ஹார்லெம் நடன அரங்கம்

ஹார்லெம் நடன அரங்கம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் நகரில், ஹார்லெம் பகுதியில் இயங்கிவரும் ஒரு பாலே நடனக் குழுவும் அதனோடு இணைந்த நடனப் பள்ளியும் ஆகும். ஆங்கிலத்தில் டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் என்று அழைக்கப்படும் இந்நிறுவனம், 1969 ஆம் ஆண்டில் ஆர்தர் மிட்செல், கேரல் ஷூக் ஆகிய இருவராலும் நிறுவப்பட்டது. மேற்கத்திய செவ்வியல் நடனமான பாலேயைக் கறுப்பினத்தவர் ஆட இயலாது என்ற கருத்து அமெரிக்க நடன உலகில் பரவலாக நிலவிய காலத்தில், பெரும்பாலும் கறுப்பினக் கலைஞர்களைக் கொண்டு நிலைபெற்ற முதல் செவ்வியல் பாலே குழுவாக இது விளங்கியது. பள்ளியில் பயிற்றுவித்தல், மேடையில் ஆடுதல், பொதுமக்களிடம் கலையைக் கொண்டு செல்லுதல் ஆகிய மூன்றும் இதன் பணிகளாகும்.

பின்னணி

பாலேயின் பயிற்சி முறை

பாலே நடனம் மறுமலர்ச்சிக் கால இத்தாலியின் அரசவைகளில் தோன்றிப் பிரான்சில் வளர்ந்தது. பிரான்சின் மன்னர் பதினான்காம் லூயி 1661 இல் நடனத்திற்கென ஓர் அரச கழகத்தை ஏற்படுத்தினார். அதனால் இன்றும் பாலேயின் கலைச்சொற்கள் பெரும்பாலும் பிரெஞ்சு மொழியிலேயே வழங்குகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கலை உருசியாவில் உச்சநிலையை அடைந்தது. ஐக்கிய அமெரிக்காவில் நிலையான பாலே பள்ளிகளும் குழுக்களும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே உருவாகத் தொடங்கின.

பாலே பயிற்சி பொதுவாக எட்டு அல்லது ஒன்பது வயதில் முறையாகத் தொடங்கப்படுகிறது. இடுப்பு மூட்டிலிருந்து கால்களை வெளிப்புறமாகத் திருப்பி நிற்றல், பாதத்தை வளைத்து நீட்டுதல், பெண்கள் கால் விரல்களின் நுனியில் நின்று ஆடுதல் ஆகியவற்றுக்கு உடல் வளரும் பருவத்திலேயே பழக்கம் தேவைப்படுகிறது. ஒரு மாணவர் தொழில்முறைக் கலைஞராவதற்கு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆகின்றன. எனவே குழந்தைப் பருவத்தில் நல்ல ஆசிரியரிடம் சேரும் வாய்ப்பு மறுக்கப்பட்ட ஒருவருக்குப் பிற்காலத்தில் மேடையின் கதவு தானாகவே மூடப்பட்டுவிடுகிறது. கறுப்பினக் கலைஞர்கள் பாலேயில் மிகக் குறைவாக இருந்ததற்கான காரணத்தை அறிய இந்த நடைமுறையைப் புரிந்துகொள்ளுதல் அவசியம் ஆகும்.

இனப் பாகுபாடு

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இன ஒதுக்கல் சட்டப்படியும், வட மாநிலங்களில் வழக்கப்படியும் நடைமுறையில் இருந்தது. பல பாலே பள்ளிகள் கறுப்பினக் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பயிற்சி பெற்ற சிலரையும் குழுக்கள் ஏற்கத் தயங்கின. கறுப்பினத்தவரின் பாதம் தட்டையானது, அவர்களது உடலமைப்பு பாலேக்குப் பொருந்தாது என்பன போன்ற கூற்றுகள் இதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. ஒரே தோற்றமுடைய நடனமணிகள் வரிசையாக நின்று ஆடும் குழு நடனத்தில், ஒருவர் மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் காட்சியின் ஒருமை குலைந்துவிடும் என்ற வாதமும் முன்வைக்கப்பட்டது. ஜிசெல், அன்ன ஏரி போன்ற புகழ்பெற்ற பாலேக்களில் பெண்கள் அனைவரும் வெண்ணிற உடையில் தோன்றும் காட்சிகள் இடம்பெறுவதால், இவ்வாதம் நீண்ட காலம் செல்வாக்குடன் இருந்தது.

இதற்கு மாறான எண்ணங்களும் தொடக்கத்திலேயே இருந்தன. உருசியாவில் பயின்ற நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சீனை அமெரிக்காவுக்கு அழைத்துவர முயன்ற லிங்கன் கெர்ஸ்டீன், 1933 இல் எழுதிய கடிதம் ஒன்றில், வெள்ளையினச் சிறுவர் சிறுமியரும் அதே எண்ணிக்கையில் கறுப்பினச் சிறுவர் சிறுமியரும் சேர்ந்து பயிலும் ஒரு பள்ளியைப் பற்றிக் குறிப்பிட்டிருந்தார். 1934 இல் அமெரிக்க பாலே பள்ளி தொடங்கப்பட்டபோது இத்திட்டம் நடைமுறைக்கு வரவில்லை.

முன்னோடிகள்

ஹார்லெம் நடன அரங்கத்திற்கு முன்பும் கறுப்பின பாலே கலைஞர்களும் குழுக்களும் இருந்தனர். 1937 இல் ஹார்லெமில் அமெரிக்க நீக்ரோ பாலே என்ற குழு நிகழ்ச்சி நடத்தியது. 1940களில் லாஸ் ஏஞ்சல்சிலும் 1950களில் நியூயார்க்கிலும் இத்தகைய குழுக்கள் தோன்றின. நியூயார்க் நீக்ரோ பாலே 1957 இல் பிரித்தானியாவில் சுற்றுப்பயணம் செய்தது. போதிய நிதி இன்மையால் இவை அனைத்தும் சில ஆண்டுகளுக்குள்ளேயே கலைந்துபோயின.

தனிக் கலைஞர்களுள் இருவர் குறிப்பிடத்தக்கவர்கள்.

ஜேனட் காலின்ஸ் (1917–2003): இளம் வயதில் புகழ்பெற்ற பாலே ரூஸ் டி மாண்டி கார்லோ குழுவின் தேர்வுக்குச் சென்றார். முகத்தில் வெள்ளை வண்ணம் பூசிக்கொண்டால் சேர்த்துக்கொள்ளலாம் என்று கூறப்பட்டதால் அவ்வாய்ப்பை மறுத்தார். பின்னர் 1951 முதல் 1954 வரை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பெராவின் முதன்மை நடனமணியாக விளங்கினார். அக்குழு தென் மாநிலங்களுக்குச் சென்றபோது இன ஒதுக்கல் காரணமாகச் சில நகரங்களில் அவரால் ஆட முடியவில்லை. அவருக்குப் பதிலாக வேறொருவர் ஆடினார்.

ரேவன் வில்கின்சன் (1935–2018): காலின்சிடம் நிபந்தனை விதித்த அதே குழுவின் பெயரில் இயங்கிய குழுவில் 1955 இல் சேர்ந்தார். பெரிய செவ்வியல் பாலே குழு ஒன்றில் முழுநேரக் கலைஞராக ஒப்பந்தம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் இவரே. வெளிர் நிறத் தோலைக் கொண்டிருந்த இவர், தமது இனத்தை மறைக்க மறுத்தார். அட்லாண்டாவில் விடுதியில் தங்க அனுமதி மறுக்கப்பட்டார். அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளையின வெறி அமைப்பினர் இவரைத் தேடி அரங்கிற்குள்ளேயே வந்தனர். 1961 இல் குழுவிலிருந்து விலகிய இவர், அமெரிக்கக் குழுக்களில் இடம் கிடைக்காத நிலையில், 1967 இல் நெதர்லாந்துக்குச் சென்று டச்சு தேசிய பாலேயில் ஆடினார்.

ஆர்தர் மிட்செல்

ஆர்தர் மிட்செல் 1934 மார்ச் 27 அன்று ஹார்லெமில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோதே குடும்பத்தைத் தாங்குவதற்காகப் பல வேலைகளைச் செய்தார். நியூயார்க்கின் நிகழ்த்துகலை உயர்நிலைப் பள்ளியில் படித்த பின்னர், உதவித்தொகை பெற்று அமெரிக்க பாலே பள்ளியில் சேர்ந்தார். 1955 இல் பாலன்சீன் தலைமையிலான நியூயார்க் நகர பாலே அவரைச் சேர்த்துக்கொண்டது. பின்னர் அங்கு முதன்மைக் கலைஞர் நிலைக்கு உயர்ந்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர் ஆவார்.

1957 இல் அரங்கேறிய அகோன் என்ற பாலே மிட்செலின் வாழ்க்கையில் ஒரு திருப்புமுனை ஆகும். இகோர் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்குப் பாலன்சீன் அமைத்த இந்நடனத்தில் பன்னிரண்டு கலைஞர்கள் ஆடுகின்றனர். இதன் மையப் பகுதியான இருவர் நடனத்தை வெள்ளையினப் பெண்ணான டயானா ஆடம்சுடன் இணைந்து ஆடுமாறு மிட்செலைப் பாலன்சீன் அமர்த்தினார். கறுப்பு வெள்ளைப் பயிற்சி உடைகளில் ஆடப்படும் இந்நடனத்தில், இருவரின் தோல் நிற வேறுபாடு மறைக்கப்படாமல் அமைப்பின் ஒரு பகுதியாகவே பயன்படுத்தப்பட்டது. கறுப்பின ஆண் ஒருவர் வெள்ளையினப் பெண்ணைத் தொட்டு ஆடுவது அக்காலத்தில் பலருக்கு ஏற்புடையதாக இல்லை. மிட்செல் வெள்ளையினப் பெண்ணுடன் ஆடிய இந்த நடனம் 1968 வரை அமெரிக்க வணிகத் தொலைக்காட்சியில் இடம்பெறவில்லை.

1962 இல் பாலன்சீன் அமைத்த நடுவேனில் இரவுக் கனவு பாலேயில் பக் என்ற குறும்புத் தேவனின் வேடத்தை ஏற்று மிட்செல் மேலும் புகழ்பெற்றார். 1960களின் பிற்பகுதியில் பிரேசிலில் ஒரு தேசிய பாலே குழுவை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார்.

தோற்றம்

1968 ஏப்ரல் 4 அன்று குடிசார் உரிமை இயக்கத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரேசிலுக்குப் புறப்படவிருந்த மிட்செல் இச்செய்தியை அறிந்து, வெளிநாட்டில் ஒரு குழுவை உருவாக்குவதைவிடத் தாம் பிறந்து வளர்ந்த பகுதியின் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிப்பதே முதன்மையானது என்ற முடிவுக்கு வந்தார்.

அவ்வாண்டு கோடையில் ஹார்லெமில் வகுப்புகள் தொடங்கின. இதற்காகத் தமது சொந்தச் சேமிப்பையும் மிட்செல் செலவிட்டார். முப்பது மாணவர்களுடன் ஆரம்பித்த வகுப்பில் சில மாதங்களுக்குள் ஏறத்தாழ நானூறு பேர் சேர்ந்தனர். வாகனக் கொட்டகையாக இருந்த இடமொன்றில் வகுப்புகள் நடைபெற்றன. கோடை வெப்பத்தின் காரணமாக அதன் கதவுகள் திறந்தே வைக்கப்பட்டன. தெருவில் செல்வோர் நின்று பார்த்தனர், அவர்களுள் சிலர் மாணவர்களாகவும் சேர்ந்தனர். இறுக்கமான காலுறை அணிய வெட்கப்பட்ட சிறுவர்கள் அரைக்கால் அளவுக்கு வெட்டிய ஜீன்சுடன் பயில அனுமதிக்கப்பட்டனர்.

மிட்செலுடன் இணைந்து செயற்பட்ட கேரல் ஷூக் (1920–1985) வெள்ளையினத்தவர். மிட்செலின் ஆசிரியர்களுள் ஒருவரான இவர், நியூயார்க்கில் கேத்தரின் டன்ஹாமின் பள்ளியில் கற்பித்தவர், பின்னர் டச்சு தேசிய பாலேயில் பயிற்சி ஆசிரியராகப் பணியாற்றியவர். மாணவரின் அழைப்பை ஏற்று நாடு திரும்பிய ஷூக், பள்ளியின் பாடமுறையை வகுத்தார். 1969 இல் நிறுவனம் முறையாகப் பதிவு செய்யப்பட்டது. ஃபோர்டு அறக்கட்டளை இதற்கு நிதிநல்கை வழங்கியது. பின்னர் மேற்கு 152 ஆம் தெருவில் இருந்த ஒரு பழைய வாகனக் கொட்டகை வாங்கப்பட்டு நடனக் கூடங்களாக மாற்றி அமைக்கப்பட்டது. அதுவே இன்றுவரை நிறுவனத்தின் இருப்பிடமாக உள்ளது.

முன்பு தோன்றிய கறுப்பின பாலே குழுக்களிலிருந்து இந்நிறுவனம் வேறுபடுவது அதன் பள்ளியினால் ஆகும். அக்குழுக்கள் வேறிடத்தில் எப்படியோ பயிற்சி பெற்றுவந்த சிலரைச் சார்ந்திருந்தன. மிட்செலும் ஷூக்கும் தமக்கு வேண்டிய கலைஞர்களைக் குழந்தைப் பருவத்திலிருந்தே தாமே உருவாக்க முற்பட்டனர்.

முதல் நிகழ்ச்சிகள்

குழுவின் அதிகாரபூர்வமான முதல் நிகழ்ச்சி 1971 சனவரி 8 அன்று நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் நடைபெற்றது. மிட்செல் அமைத்த ஹோல்பர்க் தொகுப்பு, டோன்ஸ், ரித்மெட்ரான் ஆகிய மூன்று நடனங்கள் ஆடப்பட்டன. அதே ஆண்டில் நியூயார்க் நகர பாலேயும் ஹார்லெம் நடன அரங்கமும் ஒரே மேடையில் இணைந்து ஆடின. அதற்கான நடனத்தைப் பாலன்சீனும் மிட்செலும் சேர்ந்து அமைத்தனர்.

பாலன்சீன் தமது நடனங்கள் பலவற்றை ஆடும் உரிமையைக் குழுவுக்கு வழங்கினார். அகோன், கான்செர்ட்டோ பரோக்கோ, செரனேட் முதலியன அவற்றுள் அடங்கும். இவை கதையை விட நடன நுட்பத்தையே முதன்மையாகக் கொண்டவை. சிறு பிழையும் பார்வையாளருக்குத் தெரிந்துவிடும். எனவே இவற்றை ஆடியமை குழுவின் பயிற்சித் தரத்துக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது.

தொடக்ககாலக் கலைஞர்களுள் லிடியா அபார்கா, வர்ஜீனியா ஜான்சன் ஆகியோர் முதன்மையானவர்கள். அபார்கா 1975 இல் டான்ஸ் மேகசின் இதழின் அட்டையில் இடம்பெற்றார். வாஷிங்டனைச் சேர்ந்த ஜான்சன், சிறுவயது முதலே பாலே பயின்றும், கறுப்பினப் பெண்ணுக்கு இத்துறையில் எதிர்காலம் இல்லை என்ற நிலையை எதிர்கொண்டவர். நியூயார்க்கில் பல்கலைக்கழக மாணவியாக இருந்தபோது மிட்செலின் வகுப்பில் சேர்ந்து, ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் குழுவில் ஆடினார்.

முக்கியப் படைப்புகள்

குழுவின் நடனங்களை மூன்று வகைகளாகப் பிரிக்கலாம். பாலன்சீன் போன்றோரின் நவீன செவ்வியல் நடனங்கள், ஆப்பிரிக்க மற்றும் கரிபியப் பண்பாடுகளைத் தழுவிய நடனங்கள், பழைய ஐரோப்பிய பாலேக்களின் மறு ஆக்கங்கள் என்பன அவை.

டூக்லா

திரினிடாட்டில் பிறந்த ஜெஃப்ரி ஹோல்டர் 1974 இல் இதனைக் குழுவுக்கென அமைத்தார். நடனத்தோடு இசைக்கும் உடைக்கும் அவரே பொறுப்பேற்றார். ஆப்பிரிக்க வழியினருக்கும், ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியர்களின் வழியினருக்கும் இடையிலான கலப்பில் பிறந்தவர்களைத் திரினிடாட்டில் டூக்லா என்று அழைப்பர். இவ்விரு மரபுகளும் இணையும் ஒரு திருமணச் சடங்கை இந்நடனம் காட்டுகிறது.

நெருப்புப் பறவை

உருசிய நாட்டுப்புறக் கதையை அடிப்படையாகக் கொண்ட இப்பாலே, ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையில் 1910 இல் பாரிசில் முதலில் அரங்கேறியது. ஹார்லெம் நடன அரங்கத்திற்காக ஜான் டாரஸ் 1982 இல் இதற்குப் புதிய நடனம் அமைத்தார். ஹோல்டரின் காட்சி அமைப்பில் கதைக்களம் உருசியாவிலிருந்து வெப்பமண்டலக் காடொன்றுக்கு மாற்றப்பட்டது. பறவையாக ஆடிய ஸ்டெஃபனி டாப்னி இதனால் பெரும்புகழ் பெற்றார்.

கிரியோல் ஜிசெல்

ஜிசெல் 1841 இல் பாரிசில் அரங்கேறிய பாலே ஆகும். எளிய கிராமத்துப் பெண்ணான ஜிசெல், தன்னைக் காதலிப்பவன் மாறுவேடத்தில் உள்ள பிரபு என்பதையும் அவனுக்கு ஏற்கெனவே வேறொரு பெண் நிச்சயிக்கப்பட்டிருப்பதையும் அறிந்து மனம் சிதைந்து இறக்கிறாள். இறந்த பின்னும் ஆவியாக வந்து அவனைக் காப்பாற்றுகிறாள்.

1984 இல் இலண்டனில் அரங்கேறிய ஹார்லெம் நடன அரங்கத்தின் ஆக்கத்தில், பிரெட்ரிக் பிராங்க்ளின் மரபான நடன அமைப்பைப் பயிற்றுவித்தார். அடோல்ஃப் ஆடமின் இசையும் மாற்றப்படவில்லை. கதையின் களம் மட்டும் செருமானிய நாட்டுப்புறத்திலிருந்து 1840களின் லூசியானாவுக்கு மாற்றப்பட்டது. அடிமை முறை நிலவிய அக்காலத்தில் அங்கு அடிமை நிலையிலிருந்து விடுபட்ட கிரியோல் மக்களின் சமூகம் ஒன்று இருந்தது. ஒரு குடும்பம் எத்தனை தலைமுறைகளுக்கு முன் விடுதலை பெற்றது என்பதைப் பொறுத்து அச்சமூகத்தில் மதிப்பு அமைந்தது. இவ்வாக்கத்தில் காதலனின் குடும்பம் நெடுங்காலத்துக்கு முன்னரே விடுதலை பெற்ற செல்வக் குடும்பம். ஜிசெலின் குடும்பமோ அடிமை நிலைக்கு இன்னும் அண்மையில் உள்ளது. இவ்வாறு பிரபுவுக்கும் குடியானவப் பெண்ணுக்கும் இடையிலான பழைய வேறுபாடு, அமெரிக்க வரலாற்றில் உண்மையாகவே இருந்த ஒரு வேறுபாடாக ஆக்கப்பட்டது. ஜிசெலாக வர்ஜீனியா ஜான்சனும் காதலனாக எடி ஷெல்மனும் ஆடினர். இவ்வாக்கம் பிரித்தானியாவின் லாரன்ஸ் ஒலிவியே விருதைப் பெற்றது.

உடையும் காலணியும்

பாலேயில் பெண்கள் அணியும் காலுறையும் காலணியும் மரபாக இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும். வெள்ளையினக் கலைஞரின் தோல் நிறத்தோடு ஒத்துப்போவதால், இடுப்பிலிருந்து விரல் நுனி வரை கால் ஒரே நீண்ட கோடாகத் தோன்றுவதற்கு இது உதவுகிறது. கருநிறத் தோலுடைய கலைஞர் இதே நிறத்தை அணியும்போது கைகளும் முகமும் ஒரு நிறத்திலும் கால்கள் வேறு நிறத்திலும் தெரிவதால், அக்கோடு அறுபடுகிறது.

1970களில் ஹார்லெம் நடன அரங்கத்தின் பெண் கலைஞர்கள் தத்தம் தோலின் நிறத்துக்கு ஏற்ற காலுறைகளையும் காலணிகளையும் அணியத் தொடங்கினர். இது பின்னர் குழுவின் அடையாளமாகவே மாறியது. ஒவ்வொருவரின் நிறமும் வேறுபடுவதால் காலுறைகள் தனித்தனியாகச் சாயம் தோய்க்கப்பட்டன. விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான பாயின்ட் காலணிகளின் மீது முகப்பூச்சு தடவி நிறமேற்றப்பட்டது. இக்காலணிகள் விரைவில் தேய்ந்துவிடுபவை. தொழில்முறைக் கலைஞர் ஒருவர் ஒரே நிகழ்ச்சியில் ஒரு சோடியைத் தேய்த்துவிடுவதும் உண்டு. எனவே ஒவ்வொரு புதிய சோடிக்கும் நிறமேற்ற நேரமும் பணமும் செலவாயின. வெள்ளையினக் கலைஞர்களுக்கு இச்சுமை இல்லை.

இலண்டனைச் சேர்ந்த காலணி நிறுவனமான ஃபிரீட், பழுப்பு நிறப் பாயின்ட் காலணிகளை 2018 இல் அறிமுகப்படுத்தியது. கறுப்பின, ஆசியக் கலைஞர்களுக்கென காசா பாஞ்சோ 2001 இல் பிரித்தானியாவில் தொடங்கிய பாலே பிளாக் குழுவுடன் இணைந்து இவை உருவாக்கப்பட்டன. ஹார்லெம் கலைஞர்கள் இவ்வழக்கத்தைத் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே இது நிகழ்ந்தது.

வெளிநாட்டுப் பயணங்கள்

குழு 1974 இல் இலண்டனின் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கிலும், 1981 இல் அந்நகரின் அரச ஆப்பெரா அரங்கிலும் ஆடியது. 1988 இல் சோவியத் ஒன்றியத்தில் மாஸ்கோ, திபிலீசி, லெனின்கிராட் ஆகிய நகரங்களில் சுற்றுப்பயணம் மேற்கொண்டது. லெனின்கிராடில் உள்ள கிரோவ் அரங்கம் உருசிய பாலேயின் தாயகங்களுள் ஒன்றாகக் கருதப்படுவது. அம்மேடையில் ஹார்லெமின் கலைஞர்கள் ஆடியமை குறிப்பிடத்தக்கது.

1992 இல் குழு தென்னாப்பிரிக்கா சென்றது. நெல்சன் மண்டேலா விடுதலையாகி, இன ஒதுக்கல் ஆட்சி முடிவை நெருங்கிய காலம் அது. ஜோகானசுபர்க்கில் நிகழ்ச்சிகளை வழங்கியதோடு, கறுப்பின மக்களுக்குப் பயிற்சி வகுப்புகளையும் கலைஞர்கள் நடத்தினர். தடைகளைத் தாண்டி நடனம் என்ற பொருள்படும் பெயரில் இவ்வாறு உருவான திட்டம், பின்னர் நிறுவனத்தின் நிலையான கல்விப் பணியாகத் தொடர்ந்தது.

நிதி நெருக்கடியும் மீட்சியும்

பெரிய நடனக் குழுவை நடத்துவது செலவு மிகுந்த பணி ஆகும். நுழைவுச்சீட்டு வருவாய் கலைஞர்களின் ஊதியம், இசைக்குழு, உடை, பயணம் ஆகியவற்றுக்குப் போதுவதில்லை. அமெரிக்காவில் அரசின் உதவி குறைவு என்பதால் குழுக்கள் செல்வந்தர்களின் நன்கொடையையே பெரிதும் நம்பியுள்ளன. நெடுங்காலமாகச் செல்வக் குடும்பங்களின் ஆதரவைப் பெற்றுவந்த பழைய குழுக்களைப் போன்ற சேமநிதி ஹார்லெம் நடன அரங்கத்திடம் இருக்கவில்லை.

2004 இல் கடன் ஏறத்தாழ 23 இலட்சம் டாலரை எட்டியபோது நடனக் குழு கலைக்கப்பட்டது. பள்ளியின் பணி தொடர்ந்தது. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் முழுமையான குழு இயங்கவில்லை. பள்ளியில் பயின்ற மாணவர்களுக்கு, பயிற்சி முடிந்ததும் சேர்வதற்குச் சொந்தக் குழு இல்லாத நிலை ஏற்பட்டது.

மிட்செலுக்குப் பின் வர்ஜீனியா ஜான்சன் கலை இயக்குநர் பொறுப்பை ஏற்றார். நிதி திரட்டப்பட்டு, 2012 இல் 18 கலைஞர்களைக் கொண்ட சிறிய குழுவாக அரங்கம் மீண்டும் மேடையேறியது. மிட்செல் 2018 செப்டம்பர் 19 அன்று காலமானார். ஐம்பதாம் ஆண்டு விழாவுக்காக அவர் தமது பழைய நடனமான டோன்சை மறுஆக்கம் செய்திருந்தார். அது அவரது மறைவுக்குப் பின் 2019 இல் ஆடப்பட்டது. 2021 இல் கொடையாளர் மெக்கென்சி ஸ்காட் ஒரு கோடி டாலரை நன்கொடையாக வழங்கினார். குழுவின் முன்னாள் கலைஞரும் நடன அமைப்பாளருமான ராபர்ட் கார்லண்ட் 2023 இல் கலை இயக்குநரானார்.

முதலாமவர் என்ற சிறப்பு பற்றிய விவாதம்

மிஸ்டி கோப்லண்ட் 2015 இல் அமெரிக்க பாலே தியேட்டர் குழுவின் முதன்மை நடனமணியாக உயர்த்தப்பட்டார். 1940 முதல் நிகழ்ச்சிகள் நடத்திவரும் அக்குழுவில் அந்நிலையை அடைந்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவர். கோப்லண்ட் தமக்கு வழிகாட்டியாகப் போற்றிய ரேவன் வில்கின்சன், அவ்வாண்டு மேடைக்கு வந்து அவருக்கு மலர்ச்செண்டு அளித்தார். கோப்லண்ட் 2025 இல் அக்குழுவிலிருந்து ஓய்வு பெற்றார்.

இச்செய்தி ஊடகங்களில் பரவியபோது, கறுப்பினப் பெண் ஒருவர் முதன்மை நடனமணியானதே இதுதான் முதல் தடவை என்ற எண்ணம் பலரிடம் ஏற்பட்டது. இது சரியன்று. ஹார்லெம் நடன அரங்கத்தில் 1970களிலிருந்தே அத்தகையோர் இருந்தனர். வேறு குழுக்களிலும் டெப்ரா ஆஸ்டின் 1982 இல் பென்சில்வேனியா பாலேயிலும், லாரன் ஆண்டர்சன் 1990 இல் ஹூஸ்டன் பாலேயிலும் முதன்மை நிலையை அடைந்திருந்தனர்.

தங்கள் பணி மறக்கப்படுவதைக் கண்ட ஹார்லெம் நடன அரங்கத்தின் தொடக்ககாலக் கலைஞர்கள் ஐவர், 152 ஆம் தெருவின் பெயரைத் தாங்கிய மரபுக் குழு ஒன்றை அமைத்துத் தம் நினைவுகளைப் பதிவு செய்யத் தொடங்கினர். லிடியா அபார்கா, ஷீலா ரோஹன், கெய்ல் மெக்கின்னி-கிரிஃபித், மார்சியா செல்ஸ், கார்ல்யா ஷெல்டன் ஆகியோரே அவர்கள். இவர்களைப் பற்றிக் கேரன் வால்பி எழுதிய நூல் 2024 இல் வெளிவந்தது. இதே நோக்குடன் தெரேசா ரூத் ஹாவர்டு என்பவர் கறுப்பின பாலே கலைஞர்களின் வரலாற்றைத் தொகுக்கும் இணைய ஆவணகம் ஒன்றை உருவாக்கியுள்ளார்.

இவ்விவாதம் பெருமை பற்றியது மட்டுமன்று. முன்னோடிகள் இருந்தது மறக்கப்படும்போது, ஒவ்வொரு புதிய கலைஞரும் விதிவிலக்காகவே பார்க்கப்படுகிறார். குழுக்களும் பள்ளிகளும் தமது தேர்வு முறையை மாற்றவேண்டிய தேவை கண்ணில் படாமல் போகிறது என்பது இவர்களின் வாதம் ஆகும்.

பிற நிறுவனங்களில் மாற்றங்கள்

அமெரிக்க பாலே தியேட்டர் 2013 இல், இதுவரை இடம்பெறாத சமூகங்களைச் சேர்ந்த மாணவர்களைக் கண்டறிந்து பயிற்றுவிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஐரோப்பாவிலும் இக்கேள்விகள் எழுந்தன. பெர்லின் அரசு பாலேயில் ஆடிய சுளோயே லோப்பஸ் கோமஸ், அன்ன ஏரி நடனத்துக்காகத் தோலில் வெள்ளைப்பூச்சு பூசுமாறு வற்புறுத்தப்பட்டதை 2020 இல் வெளிப்படுத்தினார். பாரிஸ் ஆப்பெராவில் கலைஞர்களின் முறையீட்டைத் தொடர்ந்து 2021 இல் ஓர் அறிக்கை வெளியிடப்பட்டது. 2023 இல் கியோம் தியோப் அந்நிறுவனத்தின் மிக உயர்ந்த நிலையான எத்துவால் நிலையை அடைந்த முதல் கறுப்பினக் கலைஞரானார்.

எனினும் பெரும்பாலான பெரிய குழுக்களில் கறுப்பினக் கலைஞர்களின் எண்ணிக்கை, குறிப்பாகப் பெண்களின் எண்ணிக்கை, குறைவாகவே உள்ளது. பயிற்சிக் கட்டணம், காலணிச் செலவு, நல்ல பள்ளிகளுக்கு அருகில் வாழும் வாய்ப்பு ஆகியவை இன்றும் தடைகளாக உள்ளன. மிட்செல் குழுவை நிறுவுவதற்கு முன்னரே குழந்தைகளுக்கான வகுப்பைத் தொடங்கியமை, இத்தடைகள் எங்கே ஆரம்பிக்கின்றன என்பதை அறிந்த செயலாகக் கருதப்படுகிறது.

சிறப்புகள்

ஆர்தர் மிட்செல் 1993 இல் கென்னடி மையத்தின் கௌரவத்தையும், 1994 இல் மெக்ஆர்தர் அறக்கட்டளையின் நல்கையையும், 1995 இல் அமெரிக்க அரசின் தேசியக் கலைப் பதக்கத்தையும் பெற்றார். அவரது ஆவணங்கள் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.